ரொட்டி வண்டிக் கதவும் ஊறட்டும் அண்ணனும்

புதுச்சேரியில் பழைய வண்டி பிரித்த ஆட்களில், எதையும் உடைக்காமல் வாழ்ந்து முடித்தவர் ஊறட்டும் அண்ணன் ஒருவர்தான். ஸ்க்ரூ, போல்ட்டு, கீல், எதுவும் அவர் கையில் உடைந்ததில்லை. சாட்சி நான்.

ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். அது மாதா கோயில் சாமியாருக்குத் தெரியும். எங்களுக்கு ஊறட்டும்தான். துருப்பிடித்து இறுகிப்போன எதைக் காட்டினாலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். "ஊறட்டும்" என்பார். போய்விடுவார். எப்போது வருவார் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் இன்னொரு சொட்டு விடுவார்.

நான் அப்போது உப்பளம் பேட்டையில் ஒரு வண்டிப் பட்டறையில் கேஸ் வெல்டர். எழுபதுகளின் கடைசி. மில்லை விட்டு வந்த புதிது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். போல்ட்டு வரவில்லையா, கேஸ் வை. சிவந்ததும் சுத்தியால் அடி. வந்தால் போல்ட்டு. வராவிட்டால் இரண்டு துண்டு. எங்கள் ஊர் கடல் ஊர். உப்புக்காற்றில் நிறுத்தி வைத்த வண்டியில் எல்லாமே இறுகித்தான் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் பொறுமை பார்த்தால் பட்டறை நடக்காது என்பது முதலாளியின் கட்சி. நானும் அதே கட்சி.

சேர்ந்த அன்றே எனக்கு முதல் அதிர்ச்சி. ஒரு பழைய ஜீப்பின் அடியிலிருந்து ஊறட்டும் அண்ணனின் தலை தெரிந்தது. நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார். நாக்கு ஒரு போல்ட்டின் மேல் இருந்தது.

"என்னாண்ணே பண்ற?"

"பாக்குறேன். மழைத் துருவா இருந்தா துவர்க்கும். இது கரிக்குது. கடல் துரு. வெளக்கெண்ண போட்டா மதிக்காது. கிருஷ்ணாயில் கலக்கணும்."

மண்ணெண்ணெயைத்தான் கிருஷ்ணாயில் என்பார். சொல்லிவிட்டு அடுத்த போல்ட்டை நக்கினார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

சுத்தியைக் கண்டால் அவருக்கு ஆகாது. யாராவது உளியை வைத்து ஓங்கினால் காதைப் பொத்திக்கொள்வார். "அது என்னாடா பாவம் பண்ணுச்சி? அத்தினி வருசம் புடிச்சிக்கினு நின்னுச்சே, அதுக்கா அடி?" என்பார். ஸ்க்ரூவிடம் பேசுவார். "கோச்சிக்காத ராஜா. ஒரு சுத்து. ஒரே ஒரு சுத்து." அது அசைந்துவிட்டால் கண் கலங்கிவிடும். எங்களுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாது.

பட்டறைக்குள் இருந்தவரை பரவாயில்லை. வெளியிலும் அவர் கை சும்மா இருக்காது. அவருடைய சைக்கிள் காணாமல் போனது. ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுக்கப் போனோம். சிவப்புத் தொப்பி போட்ட எங்கள் ஊர்ப் போலீஸ்காரர் ஒருவர், உட்காருங்கள், ஐயா வருவார் என்றார். உட்கார்ந்தோம். எதிரே லாக்கப். கதவைத் திறந்து உள்ளே இருந்தவனுக்கு டீ கொடுத்தார்கள். கதவு கத்தியது. ஊறட்டும் அண்ணன் நெளிந்தார். மூடும்போது மறுபடியும் கத்தியது.

நான் பீடி வாங்கப் போய்த் திரும்பினேன். அண்ணன் இடத்தில் இல்லை. லாக்கப் கதவின் கீழே குந்தியிருந்தார். எண்ணெய்க் குப்பி ஒரு கையில். இன்னொரு கையில் ஒரு நீளமான இரும்புக் குச்சி. கீலின் ஊசி அது. பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்தவன் கதவை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு அலறினான்.

"ஐயா! ஐயா! யாராவது வாங்கய்யா! கதவு வுழுது! நான் ஒண்ணும் பண்ணல! இந்தாளு கழட்டுறான்!"

சிவப்புத் தொப்பி ஓடி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திருடன் கதவைப் பிடித்து, போலீஸைக் கூப்பிட்டு அவரும் அதுவரை பார்த்திருக்கமாட்டார். நானும் பார்த்ததில்லை. அண்ணன் மட்டும் பதறவில்லை. "ஊசியில துரு. கொஞ்சம் ஊறட்டும்" என்றார். எங்களை அனுப்ப மாலை ஆயிற்று. சைக்கிளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

வீட்டுக்கு ஒரு முறை கூட்டிப் போனார். நெல்லித்தோப்பில் ஓட்டு வீடு. அவர் சம்சாரம் மரியண்ணி ஒரு லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் இன்னொரு லோட்டா இருந்தது. நான் அதை எடுத்துவிட்டேன்.

"தம்பி! குடிச்சிடாத! அது லாரியோடது!"

அடியில் நாலைந்து நட்டு கிடந்தது. சுற்றிப் பார்த்தேன். குண்டானில் கீல். தூக்குச்சட்டியில் ஸ்பிரிங். மோர்ப்பானையில் என்ன என்று நான் கேட்கவில்லை. பிரித்த சாமான் எதையும் பட்டறையில் ஊறவைக்க மாட்டார். அங்கே யாராவது எடுத்துச் சுத்தியால் தட்டிவிடுவார்களாம். அதனால் எல்லாம் வீட்டுக்கு வரும். புளித்தண்ணி, மோர், எலுமிச்சைச் சாறு, எதில் எது ஊறவேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

"கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்த சட்டி ஒண்ணு பாக்கி இல்ல. என்னியும் ஒரு நாளு எண்ணையில போடப் போறாரு" என்றார் அண்ணி.

"நீ எங்க துருப்புடிச்ச?" என்றார் அண்ணன். அண்ணி உள்ளே போய்விட்டார். சிரித்த சத்தம் கேட்டது.

அப்போதுதான் ரொட்டி வண்டி வந்தது.

ஒரு ரொட்டிக்கடைக்காரர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவருடைய அப்பா தெருத்தெருவாக ரொட்டி கொண்டுபோய்ப் போட்ட வேன் அது. பின்பக்கம் ஜன்னல் கிடையாது. மரச்சட்டத்தில் தகரம் அடித்த ஒரு பெட்டி. மேலே ரொட்டி ஆவி போக வரிசையாக ஓட்டை. பின்னால் ஒற்றைக் கதவு. அப்பா செத்ததிலிருந்து கடலோரத்து ஷெட்டில் நின்ற வண்டியை மறுபடி ஓடவைக்க எங்களிடம் கொண்டுவந்திருந்தார். ரொட்டிக்கடைக்காரரை எல்லோரும் முசியே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. முசியே சொன்னது ஒன்றுதான். "கதவு, கீலு, கைப்பிடி, எல்லாம் எங்கப்பா தொட்டது. ஒண்ணு ஒடஞ்சாலும் வண்டிய எடுத்துக்கினு போயிடுவேன்."

கதவு பாதி திறந்த நிலையில் இறுகிக் கிடந்தது. முன்னாலும் போகாது. பின்னாலும் வராது. ஒல்லியான ஆள் பக்கவாட்டில் நுழையலாம். ஊறட்டும் அண்ணன் கீலை நக்கினார். கண்ணை மூடி யோசித்தார். கதவின் கைப்பிடியை அதன் கம்பியோடு உருவி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போனார். கீலுக்கும் சட்டத்துக்கும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து விட்டார். ஊறட்டும் என்றார்.

ஊறியது. மழைக்காலம் போனது. பொங்கல் போனது. ஈஸ்டரும் போனது. அண்ணன் தினமும் எண்ணெய் விடுவார். கதவைத் தொடமாட்டார். "அதுவா கூப்புடும்" என்பார். வண்டி நின்ற மூலைக்குப் போனாலே மண்ணெண்ணெய் வாடையில் தலை சுற்றும்.

எங்கள் முதலாளி ஆள் கனம். கோபம் அதைவிடக் கனம். ஒரு நாள் காலை முசியே வந்து, இந்த வாரம் முடியாவிட்டால் வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி சுத்தியை எடுத்து அண்ணன் கையில் திணித்தார்.

"அடிய்யா."

"மாட்டேன் மொதலாளி."

"அடிக்கலன்னா வூட்டுக்குப் போ. நாளைக்கி வராத. உன் எண்ணையையும் எடுத்துக்கினு போ."

அண்ணன் சுத்தியைக் கீழே வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். குப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார். இந்த வேலை போனால் அவருக்கு வேறு இடம் கிடையாது. ஊரிலிருந்த எல்லாப் பட்டறையும் அவரை ஒரு தடவை அனுப்பி முடித்திருந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. பேசிப் பழக்கமில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "வேலு, எங்க வெட்டணும்னு காட்டுறேன், வா." வயிற்றை எக்கிக்கொண்டு கதவிடுக்கில் நுழைந்தார். பாதியில் மாட்டினார். திணறினார். ஒரு வழியாக உள்ளே விழுந்தார். விழுந்த கோபத்தில் கதவுச் சட்டத்தை உள்ளிருந்து பிடித்து உலுக்கினார்.

அப்போது அது நடந்தது. மாதக்கணக்கில் அசையாத கதவு அசைந்தது. முனகல் இல்லை. உரசல் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மெதுவாக வந்தது. வந்து மூடிக்கொண்டது. டிக் என்று ஒரு சத்தம்.

முதலாளி உள்ளே. நாங்கள் வெளியே.

மேலே இருந்த ஓட்டைகளில் ஒவ்வொன்றாக விரல் தெரிந்தது.

"வேலு. கதவத் தொற."

கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சதுர ஓட்டை. அந்த அளவுக்கு வேறு கம்பி பட்டறையில் இல்லை. கைப்பிடி நெல்லித்தோப்பில் இருந்தது. சொன்னேன். உள்ளேயிருந்து வந்த வார்த்தைகளைப் பத்திரிகையில் எழுத முடியாது.

வெயில் மாதம். தகரப் பெட்டி. "கேஸ வச்சி வெட்டுடா!" என்று கத்தினார். நான் பற்றவைத்து எடுத்தும் விட்டேன். இரண்டடி நடந்தேன். வாடை முகத்தில் அடித்தது. மரச்சட்டம் முழுக்க மண்ணெண்ணெய் குடித்திருந்தது. வந்த வழியே போய் அணைத்தேன்.

"என்னாடா ஆச்சி?"

"வச்சா நீங்க ரொட்டி ஆயிடுவீங்க மொதலாளி."

கடப்பாரையைத் தேடும்போது முசியே மறுபடியும் வந்தார். காலையில் கடுமையாகப் பேசிவிட்டோமே என்று சமாதானம் சொல்ல வந்திருப்பார் போல.

"மொதலாளி எங்க?"

"உள்ள இருக்காரு முசியே."

"ஆபீஸ் உள்ளயா?"

"வண்டி உள்ள."

அவர் வண்டியைப் பார்த்தார். ஓட்டைகளில் விரல்கள் ஆடின. "மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த நொடி என் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்துவிட்டார். வண்டிக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இத வச்சீங்கன்னா இப்பவே வண்டிய எடுத்துக்கினு போயிடுவேன்!"

"எடுத்துக்கினு போய்யா! நானும் உள்ளதான இருக்கேன்!" என்றது பெட்டி.

நான் சைக்கிளை எடுத்தேன்.

ஊறட்டும் அண்ணன் வாசலில் குந்தியிருந்தார். குப்பி மடியில். வேலை போனதை அண்ணியிடம் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. உள்ளே மீன் கழுவும் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். முதலாளி உள்ளே மாட்டிக்கொண்டார் என்றதற்கு அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கதவு சாத்தறப்ப சத்தம் வந்துச்சா?"

"இல்ல."

"லேசாக்கூட?"

"இல்லண்ணே. டிக்குன்னு கொக்கி வுழுந்த சத்தம்தான்."

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கூப்புட்டுடுச்சி பாத்தியா" என்றார். அங்கே ஒரு மனிதர் வெந்துகொண்டிருக்கிறார். இவர் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்.

கைப்பிடி எந்தப் பாத்திரத்தில் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. அண்ணிதான் உள்ளேயிருந்து ஊறுகாய் ஜாடியோடு வந்தார். "எலுமிச்சங்கா ஊறப் போட்டு வச்சிருந்தேன். அந்தச் சாறுலயே இந்தாளு இந்த இரும்பப் போட்டு வச்சிட்டாரு. பொங்கலுக்கு முன்னால போட்டது. நானும் வரேன், நட." ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

பட்டறையில் ஜாடிக்குள் கையை விட்டு எடுத்தார் அண்ணன். கைப்பிடி புதுசாக மின்னியது. முசியே வாயைப் பிளந்தார். ஆனால் நான் கம்பியைப் பார்த்தேன். எலுமிச்சைப் புளிப்பு துருவோடு நிற்கவில்லை. இரும்பையும் தின்றிருந்தது. நடுவில் துடைப்பக்குச்சி மாதிரி இளைத்துக் கிடந்தது. அண்ணன் பார்க்கவில்லை. மினுமினுப்பைத்தான் பார்த்தார். ஓட்டையில் விட்டார். "ராஜா" என்றார். திருகினார்.

நறுக்.

கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. பாதிக் கம்பி உள்ளே.

எத்தனையோ விபத்து பார்த்திருக்கிறேன். சிலிண்டர் வெடித்துப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் போல எதுவும் என்னை உலுக்கவில்லை. ரத்தமே இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் கையால ஒடஞ்சிடுச்சி" என்றார்.

"என்னாச்சி? எவனாவது சொல்லுங்கடா!" என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது. விரல்கள் ஆடவில்லை.

மரியண்ணி ஜாடியைக் கீழே வைத்தார். முந்தானையைச் செருகினார். புருஷன் காதில் சொருகியிருந்த திருப்புளியை உருவினார்.

"தே, கீலு ஊறிச்சா இல்லியா?"

அண்ணன் முறிந்த கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் சட்டி பூட்ச்சி. பான பூட்ச்சி. ஊறுகா ஜாடி பூட்ச்சி. இம்மாங்காலம் ஊத்துனது ஊறலன்னு சொல்லிப் பாரு, தெரியும்." சொல்லிக்கொண்டே கீலின் முதல் ஸ்க்ரூவில் திருப்புளியை வைத்துத் திருகப் போனார்.

"அப்பிடி இல்லடி!" அண்ணன் துள்ளி எழுந்தார். "எடுத்த எடுப்புல தளத்தக் கூடாது. மொதல்ல ஒரு நூலு இறுக்கணும். அது அசந்த நேரம் பாத்துத் தளத்தணும். குடு."

கொடுத்தார் அண்ணி. அந்த முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. நான் மட்டும் பார்த்தேன்.

இறுக்கினார். தளர்த்தினார். ஸ்க்ரூ சுற்றியது. கையால் சுற்றி எடுத்தார். துடைத்தார். துண்டை விரித்து அதன் மேல் வைத்தார். அடுத்தது. அதுவும் வந்தது. அந்தந்த ஸ்க்ரூ அந்தந்த ஓட்டைக்கே திரும்பப் போகவேண்டும் என்று வரிசை கலையாமல் அடுக்கினார். முசியே முழங்காலில் நின்று அவரே துண்டைப் பிடித்துக்கொண்டார்.

"சீக்கிரம்யா" என்றது பெட்டி.

"வருது மொதலாளி."

கடைசி ஸ்க்ரூ மட்டும் வரவில்லை. அண்ணன் குப்பியை எடுத்தார். ஒரு சொட்டு விட்டார். எனக்குத் தெரியும், அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று. அண்ணிக்கும் தெரியும். இரண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டோம். வேண்டாம் என்று தலையாட்டினோம்.

"ஊறட்டும்" என்றார் அண்ணன். குந்திக்கொண்டார்.

"அடப்பாவி! உள்ள நான் ஊறிக்கினு கெடக்கேன்யா!"

அந்த அலறலில் வண்டியே குலுங்கியது. அந்தக் குலுக்கலில் ஸ்க்ரூ அசைந்திருக்கவேண்டும். அண்ணன் திருப்புளியை வைத்தார். வந்துவிட்டது.

கதவைத் தூக்கிப் பக்கத்தில் சாய்த்தோம். முதலாளி இறங்கினார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தலையிலிருந்து சொட்டியது. அண்ணி ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். முதலாளி முதலில் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். பிறகுதான் குடித்தார். அண்ணன் வீட்டுப் பாத்திரங்களின் கதை அவருக்கும் தெரியும்.

குடித்துவிட்டுக் கதவையே பார்த்தார்.

"சத்தமே இல்லய்யா" என்றார். "பேய் சாத்துறாப்ல சாத்துச்சி."

"எங்கப்பா காலத்துலயே அது கத்தும்" என்றார் முசியே.

முதலாளி அண்ணன் பக்கம் திரும்பினார். "நாளைக்கிக் காலைல வந்துடு" என்றார்.

"வரல மொதலாளி."

எல்லோரும் அதிர்ந்துவிட்டோம்.

"ஒடச்சிட்டேன். இனிமே நான் வண்டியத் தொடக் கூடாது. முசியே மன்னிக்கணும்." கைப்பிடியைத் துண்டின் மேல் வைத்தார். பக்கத்தில் குப்பியையும் வைத்தார்.

நான் கைப்பிடியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் போனேன். கேஸைப் பற்றவைத்தேன். முறிந்த வாயில் ஒரு துளி பித்தளையை உருக்கி வைத்தேன். தண்ணீரில் போட்டு எடுத்தேன். மண்ணில் தேய்த்தேன். திரும்பி வந்து நீட்டினேன்.

"அண்ணே, இது ஒடையல. பாரு, பித்தள. முசியே அப்பா காலத்துலயே எவனோ பத்து வச்சி ஒட்டியிருக்கான். அந்தப் பத்து வுட்டுடுச்சி. அவ்ளோதான்."

நான் அவரிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

அண்ணன் வாங்கினார். முறிந்த இடத்தைப் பார்த்தார். நாக்கில் வைத்தார்.

கடல் துருவையும் மழைத் துருவையும் பிரித்துச் சொல்லும் நாக்கு அது. இன்னும் சூடு ஆறாத பித்தளையைச் சொல்லாதா?

வெகு நேரம் வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா" என்றார். "பழைய பத்துதான்."

குப்பியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தார். கம்பியை நான் சேர்த்துக் கொடுத்தேன். ரொட்டி வண்டி ஊருக்குள் ஓடியது. அதன் கதவு கத்தி யாரும் கேட்டதில்லை.

அண்ணன் போனது எண்பதுகளின் நடுவில். காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை. மழை பெய்த நாள். சவப்பெட்டிக்கு மூடி வைத்து, தச்சர் ஆணியை வாயில் கவ்விக்கொண்டு சுத்தியை ஓங்கினார். அழுதுகொண்டிருந்த மரியண்ணி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"சுத்தி வாணாம். அவுருக்கு ஆவாது. ஸ்க்ரூ போடுங்க."

தச்சர் திகைத்துப் போனார். முதலாளி ஆளை அனுப்பிப் பட்டறையிலிருந்து ஸ்க்ரூ வரவழைத்தார். தச்சர் ஒவ்வொன்றாக முடுக்கினார். நான் அண்ணனுடைய குப்பியை எடுத்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் ஒரு சொட்டு விட்டேன்.

"மண்ணுக்குள்ள போற பொட்டி" என்றார் தச்சர். "திரும்ப எவன் தொறக்கப்போறான்?"

"தெரியாது" என்றேன். "ஊறட்டும்."